நான் மறைத்த சிவப்புக் கோடு

போன வருஷம், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது இது. இடம், போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கின் பின்பக்க வளாகம். காலை ஒன்பதரை மணி இருக்கும்.

எங்கள் அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறது. சாலை, வடிகால், குழாய் வேலைகளுக்குப் பிளான் வரைந்து கொடுப்போம். வேலை நடக்கும் இடத்துக்குப் போய் மேற்பார்வையும் பார்ப்போம். அப்படி வெளியே போகிறவர்களுக்குப் புது கணினி வாங்கித்தர முதலாளி முடிவு செய்தார். எதை வாங்குவது என்று அவருக்குக் குழப்பம். சோதித்துப் பார்க்க இரண்டு வகையிலும் ஒவ்வொன்று வரவழைத்தார். ஒன்று, பெரிய வரைபடங்களுக்கென்றே செய்த கனமான 'வொர்க்ஸ்டேஷன்' லேப்டாப். இன்னொன்று, திரையைத் தனியாகக் கழற்றி டேப்லட்டாகக் கையில் பிடித்துக்கொள்ளும் ஹைப்ரிட் வகை. என்னிடம் ஒன்றும், பக்கத்து மேசைக்காரரிடம் ஒன்றும் கொடுத்து, ஒரு மாதம் கழித்து ஆளுக்கொரு ஒப்பீட்டு அறிக்கை தரச் சொன்னார்.

ஹைப்ரிட்டை நான் முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டேன். மூட்டை தூக்க எனக்கென்ன தலையெழுத்தா?

பக்கத்து மேசைக்காரர் என் வயசுக்காரர்தான். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எலியும் பூனையுமாக எப்போதும் ஏதாவது வாய்ச்சண்டை நடக்கும். அவருடைய லேப்டாப்புக்கு 'அம்மிக்கல்' என்று நான் பேர் வைத்தேன். "பாஸ்கிட்ட சொல்லி ஒரு குழவியும் வாங்கிக்க லா" என்று கிண்டலடித்தால், அவர் சிரித்துக்கொண்டே அந்தக் கனத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறுவார்.

என் அறிக்கை மூன்று வாரத்திலேயே கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஹைப்ரிட்டுக்கு எடை குறைவு, நாள் முழுக்கச் சார்ஜ் நிற்கிறது, பேனாவால் பிளான் மேலேயே குறிப்பு எழுதலாம். அம்மிக்கல்லுக்கோ இரண்டு மணி நேரத்தில் சார்ஜ் தீர்ந்துவிடும், மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும், அதன் விசிறிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. ஹைப்ரிட்டின் குறைகள் என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி மட்டும் எழுதியிருந்தேன்: பெரிய ஃபைல்கள் கொஞ்சம் மெதுவாகத் திறக்கின்றன, ஆனால் சமாளிக்கலாம்.

அன்றைக்கு அந்த வளாகத்தில் புது வடிகாலுக்குப் பள்ளம் தோண்ட வேண்டும். மத்தியானத்துக்குள் கொள்கலன் லோரிகள் திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகு மழையும் பிடித்துக்கொள்ளும். அதனால் எல்லாருக்கும் அவசரம். பெக்கோ ஓட்ட வந்தவர் ஜெஞ்சாரோமிலிருந்து வரும் ஒரு அண்ணன், நாற்பது வயது இருக்கும். மண் தோண்டும் இயந்திரத்தை நாங்கள் பெக்கோ என்றுதான் சொல்வோம். அவர் இயந்திரத்தைக் கிளப்புவதற்கு முன் என்னிடம் வந்தார்.

"மேடம், கீழ கேபிள் கீபிள் ஏதும் ஓடுதா?"

நான் டேப்லட்டை ஒரு கையில் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு, பிளானை விரலால் பெரிதாக்கிக் காட்டினேன். அவ்வளவு சுத்தமாக இருந்தது. "ஒண்ணும் இல்லண்ணே. நீங்க தோண்டுங்க."

கீழே ஏதாவது இருப்பதாகப் பிளானில் தெரிந்தால், முதலில் மண்வெட்டியால் சோதனைக் குழி வெட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஒன்றும் இல்லை என்று நான் சொல்லிவிட்டதால் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. அவர் ஏறி உட்கார்ந்தார். நான் பள்ளத்துக்கு நாலடி தள்ளி நின்றேன்.

என்னோடு வந்திருந்த பக்கத்து மேசைக்காரர் அப்போது காவலாளி அறையில் இருந்தார். அங்கேதான் பிளக் இருந்தது. தன் அறிக்கைக்காக அதே பிளானை அவரும் அம்மிக்கல்லில் திறந்துகொண்டிருந்தார். பெக்கோ மூன்று முறை மண்ணை அள்ளிப் போட்டிருக்கும். அந்த மனிதர் லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடி வந்தார். சார்ஜர் வயர் பின்னாலேயே தரையில் இழுபட்டு வந்தது. நான் சிரித்துவிட்டேன், சத்தியமாக. அம்மிக்கல்லுக்கு மூச்சு நின்றுவிட்டது போல என்று நினைத்தேன்.

"நிப்பாட்டச் சொல்லு! நிப்பாட்டு!" என்று கத்திக்கொண்டே நேராகப் பெக்கோவுக்கு முன்னால் போய் நின்றார். அண்ணன் இயந்திரத்தை அணைத்தார்.

பக்கத்து மேசைக்காரர் தன் திரையைக் காட்டினார். பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த இடத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு ஓடியது. உயர் அழுத்த மின்கேபிள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது பழைய ஃபைலு. என்னுதுதான் கரெக்ட்." சொல்லிவிட்டு, தோண்டச் சொல்லலாம் என்று அண்ணன் பக்கம் கையைக்கூடத் தூக்கிவிட்டேன். தூக்கிய அந்தக் கையை நினைத்தால் எனக்கு இன்றும் தூக்கிவாரிப் போடுகிறது.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அங்கே நின்ற பிக்கப் வண்டியின் முன்மூடி மேல் இரண்டு கணினிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஃபைலின் பெயர் ஒன்றுதான், பிளானில் போட்டிருந்த தேதியும் ஒன்றுதான். அவருடையதில் சிவப்புக் கோடு இருந்தது, என்னுடையதில் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் ரயிலில் வரும்போது அந்த ஃபைல் டேப்லட்டில் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. எங்கள் பிளான்கள் கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதைப் போன்றவை. கட்டடம் ஒரு தாளில், குழாய் ஒரு தாளில், மின்சாரம் ஒரு தாளில் இருக்கும். வேண்டாததை மறைத்துவிட்டால் பாரம் குறைந்து வேகமாக ஓடும். தாள்களுக்கு வெறும் எண்ணும் எழுத்தும்தான் பெயர். எது எது என்று பார்க்காமல் ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே போனேன். கடைசியில் டேப்லட் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்கு ஒரே சந்தோஷம். அப்படியே சேமித்துவிட்டு, அதை மறந்தும் போய்விட்டேன்.

பக்கத்து மேசைக்காரர் மின்சாரத் துறைக்குப் போன் போட்டார்.

மின்சாரத் துறை ஆட்கள் வந்து கருவி வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் கையால் மெல்லத் தோண்டினார்கள். பெக்கோவின் பல் பதிந்திருந்த இடத்துக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் காங்கிரீட் பலகை தெரிந்தது. அதற்கு அடியில் கேபிள். அதில் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வந்தவர்களில் மூத்தவரான ஒரு மலாய்க்காரர் பள்ளத்தைப் பார்த்தார், பெக்கோவைப் பார்த்தார், நான் நின்ற இடத்தையும் பார்த்தார். "நாசிப் பாயிக்" என்றார். நல்ல அதிர்ஷ்டம் என்று அர்த்தம்.

பெக்கோ அண்ணன் இயந்திரத்தின் நிழலில் குந்திக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, "இன்னிக்கு என்ன கறி?" என்று மட்டும்தான். அந்தப் பக்கம் மனைவி ஏதோ சொல்ல, "ம், ம்" என்று ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

டேப்லட்டில் கோளாறு என்று நான் சொல்லியிருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். பக்கத்து மேசைக்காரரும் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார். உண்மையைச் சொன்னால், அந்த யோசனை எனக்கு வரத்தான் செய்தது. ஆனால் "என்ன கறி" என்ற அந்தக் குரலைக் கேட்ட பிறகு முடியவில்லை. அவர் போனை வைத்ததும் கிட்டே போனேன்.

"அண்ணே, அந்தக் கோடு பிளான்ல இருந்துச்சு. நான்தான் மறைச்சு வெச்சிட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மறைச்சீங்களா? எதுக்கு மேடம்?"

"டேப்லட் ஸ்லோவா இருந்துச்சுண்ணே."

என் வாயால் அதைச் சொல்லும்போதுதான் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று என் காதுக்கே தெரிந்தது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஸ்லோவா இருந்துச்சா" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அறிக்கையை மறுபடி முதலிலிருந்து எழுதினேன். இரண்டுமே நல்ல கணினிகள், இரண்டும் அவரவர் சொன்னதைத்தான் செய்தன, தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி இரண்டு வகையையும் வாங்கினார். பெரிய கணினியில் முழு பிளானையும் திறந்து இரண்டு பேர் பார்க்காமல் எங்கேயும் ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். என்னை மூன்று மாதம் வெளிவேலைக்கு அனுப்பவில்லை. அது நியாயம்தான்.

இப்போதும் யாராவது என்னிடம் "அங்க ஒண்ணும் இல்லதானே?" என்று கேட்டால், சட்டென்று 'இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நான் சொல்லும் அந்த ஒரு சொல்லை நம்பி, மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடலாம் என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருப்பார்.