குளத்தைச் சுற்றிப் போட்ட கோலம்

கோலத்துக்காக ஈர அரிசியில் சாயப் பொடியைப் பிசறினால் ஒரு வாசம் வரும்... அந்த நவம்பர் மழையில், ஜொகூர்ப் பக்கம் எங்கள் கூலாய் வீடு முழுக்க அதே வாசம்தான்.

வெயில் இல்லாமல் அரிசி எங்கே காயும்? ஹாலில் பழைய பேப்பரை விரித்து, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று பரப்பி, மேலே காத்தாடியை ஓடவிட்டிருப்பேன். பிள்ளைகள் மூன்றும் சுவரோரமாக நண்டு மாதிரி நடப்பார்கள். அப்படியும் சின்னவள் தேவிக்குத் தலை சீவினால் சீப்போடு நீல அரிசி வரும்.

அந்த வருஷம் தீபாவளி, பள்ளிக்கூடத்து நீண்ட லீவுக்குள் விழுந்தது. அப்போது பார்த்துத்தான் டவுனில் புதிதாகத் திறந்த பேரங்காடியில் கோலம் போடக் கூப்பிட்டார்கள். அங்கே கல்லாவில் இருந்த பக்கத்து வீட்டுப் பெண் என் வாசல் கோலத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். வெளியில் ஒருவர் என் கை வேலையைக் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை...

எங்கள் வீட்டுக்காரருக்கு செனாய் பக்கம் ஃபேக்டரியில் காலை ஷிஃப்ட். பிள்ளைகளை ஒரு நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று யோங் பெங்கில் இருந்த நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"வாசல்ல போடுறத கடையில போய் போடணுமா அண்ணி? புள்ளைங்கள வெச்சிக்கிட்டு இதெல்லாம் தேவையா?"

வார்த்தை மாறாமல் இதுதான் சொன்னாள். போனை முதலில் வைத்தது நான். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

சரி என்று மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு, மைலோ டின்களில் அரிசி, தூக்கில் எலுமிச்சைச் சோறு... பஸ் ஏறிவிட்டேன்.

மேனேஜர் ஒரு மலாய்க்காரர், நல்ல மனுஷன். எங்களை நடுக்கூடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு மீன் குளம். தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, ஓரமெல்லாம் சின்ன விளக்கு மாட்டியிருந்தார்.

"கோலம் சூடா சியாப், காக்," என்றார். கோலம் ரெடி, அக்கா.

மலாயில் கோலம் என்றால் குளம்... பாவம், தீபாவளிக்கு அதை அலங்காரம் பண்ணத்தான் நான் வருகிறேன் என்று நினைத்திருக்கிறார். மற்ற இடமெல்லாம் மலிவு விற்பனைத் துணி.

ஊரே சிரிக்கும் விஷயம், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறும் கையோடு திரும்பினால் நாத்தனார் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அப்புறம் நான் வாசலைத் தாண்டிப் போய்க் கோலம் போடப்போவதில்லை. குளத்தோரமாக உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து, யூனிஃபார்மோடு எங்கள் வீட்டுக்காரர் வந்தார். குளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நடுவுல இதுவே இருக்கட்டும். நீ சுத்திப் போடு. நான் புள்ளைங்களுக்குச் சோறு குடுக்குறேன்."

மேனேஜரிடம் பேசித் துணி ஸ்டாண்டுகளைத் தள்ளி வைக்கச் சொன்னார். நாலு மயில் போட்டேன்... நாலும் தண்ணீர் குடிக்க வந்த மாதிரி.

கடைசி மயிலின் கழுத்துக்குப் பச்சை டின்னைத் தேடினால், காலி. தேவி குளத்து விளிம்பில் உட்கார்ந்து அவ்வளவையும் தண்ணீரில் போட்டிருந்தாள்.

"மீனுக்குப் பசிக்குதும்மா."

மேனேஜர் குனிந்து மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் கையை ஓங்கிவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டார். என் விரலெல்லாம் சாயம், அவருடைய விரலெல்லாம் சோறு.

"மஞ்சள் இருக்குல்ல?" என்றார்.

அதனால் அந்த ஒரு மயிலுக்கு மட்டும் மஞ்சள் கழுத்து.

தீபாவளிக்கு முதல் நாள் நாத்தனார் குடும்பத்தோடு வந்து, சரியாக அந்த மஞ்சள் கழுத்து மயில் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். எங்க அண்ணி போட்டது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமை வேறு. அந்தப் படம் இன்னமும் அவள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. படத்தில் நான் இல்லை.

இப்போது எத்தனையோ கடைகளில் கோலத்தை ஸ்டிக்கராக ஒட்டிவிடுகிறார்கள். காய வைக்கும் வேலை கிடையாது. தலையில் அரிசியும் உதிராது. சிரிக்க அவரும் இல்லை...

தேவி ஜொகூர் பாருவில் பிள்ளைகள் புத்தகத்துக்குப் படம் வரைகிறாள். அவள் மகளுக்கு நாலு வயது, பாலர் பள்ளி லீவு. போன வாரம் போன் பண்ணினாள். "அம்மா, படம் முடிச்சுக் குடுக்கணும். ரெண்டு வாரம் பாப்பாவ வெச்சிக்க முடியுமா? உங்களுக்குச் சிரமம்னா பரவால்லம்மா..."

யோங் பெங்குக்குப் போன் போட்ட அன்று நானும் இப்படித்தான் இழுத்து இழுத்துக் கேட்டேன்.

"கொண்டாந்து விடு லா," என்றேன். "பச்சை அரிசிய மட்டும் ஒளிச்சி வெச்சிடுறேன்."

 அந்தப் பக்கம் சிரித்தாள் பாருங்கள்... அப்படியே அவள் அப்பா சிரிப்பு.