படி தாண்டாத பம்பு

தேங்காய் எண்ணெயில் ஊறிய தோலின் வாசனையும், பழைய ரப்பரின் வாசனையும், வெயில் பட்ட தாரின் வாசனையும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படியிருக்குமோ அதுதான் எங்கள் வண்டிக் கொட்டகையின் வாசனை. இன்றைக்கும் ஏதாவது ஒரு பட்டறை வாசலைக் கடக்கும்போது அதில் பாதி வாசனை வரும். தோல் வாசனை மட்டும் எங்கும் கிடைப்பதில்லை.

நன்னிலத்திலிருந்து ஆறு மைல் தள்ளி, ஒரு வாய்க்காலின் இரு கரையிலும் மேலத்தெரு, கீழத்தெரு என்று இருந்த சிற்றூர் எங்களுடையது. என் அப்பா கும்பகோணத்தில் குடியிருந்த ஒரு நிலக்காரரிடம் காரியக்காரராக இருந்தார். மூன்று ஊர்களில் சிதறிக் கிடந்த நிலத்துக்கு ஆள் விட்டு, அறுவடை பார்த்து, நெல்லைக் களம் சேர்ப்பது அவர் வேலை. எங்களுக்குக் கொடுத்திருந்த வீடு மேலத்தெருவிலும் இல்லை, கீழத்தெருவிலும் இல்லை. வாய்க்கால் பாலத்தின் பக்கத்தில் களத்தை ஒட்டித் தனியாக நின்றது. நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அம்மா இறந்துவிட்டாள். சமைக்க வரும் அம்மாள் மதியச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுப் போய்விடுவாள். மேலத்தெருப் பெண்கள் என்னைக் 'காரியக்காரர் பொண்ணு' என்று ஒதுக்குவார்கள். கீழத்தெருப் பெண்கள் அதே சொல்லுக்குப் பயந்து ஒதுங்குவார்கள்.

அந்த வீட்டுக்கு மனிதர்கள் வந்ததற்கு ஒரே காரணம் அப்பாவின் சைக்கிள் சாமான்கள். ஒரு முறை கோடையில் நடுவழியில் பெடல் கழன்று விழுந்து, ஏழு மைல் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்த பிறகு, கும்பகோணத்தில் கடையை மூடிய ஒருவரிடமிருந்து அத்தனை சாமானையும் ஒட்டுமொத்தமாக வாங்கி வந்துவிட்டார். எட்டு ஓட்டை ஸ்பானர் ஒன்று, திருகு ஸ்பானர், டயர் நெம்பும் கம்பி இரண்டு, ஸ்போக்ஸ் சாவி, சுத்தியல், குறடு, அரம், எண்ணெய்க் குப்பி, பஞ்சர் ஒட்டும் டப்பா, கால் வைத்து அடிக்கும் பெரிய பம்பு: மொத்தம் பதினொன்று. கொட்டகைச் சுவரில் ஒவ்வொன்றுக்கும் ஆணி அடித்து மாட்டி, மதகுப் பலகைக்குப் பூசியது போக மிஞ்சிய தாரைத் தொட்டு, ஒவ்வொரு சாமானைச் சுற்றியும் அதன் உருவத்தை அப்படியே கோடாக வரைந்துவிட்டார். எது வெளியே போயிருக்கிறது என்று வாசலில் நின்று பார்த்தாலே தெரியும்.

பள்ளி விட்டு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். ஸ்பானர் உருவம் காலியாக இருந்தால் யாரோ வந்து போயிருக்கிறார்கள். சாயங்காலம் திருப்பித் தர மறுபடியும் வருவார்கள். இரண்டு மூன்று உருவங்கள் காலியாக இருந்தால் அன்றைக்கு எனக்குத் திருவிழா. எல்லாம் நிறைந்திருந்தால் யாரும் வரவில்லை, யாரும் வரப்போவதுமில்லை. நிறைந்த சுவரைக் கண்டு மனம் சோர்ந்த பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இரவல் கொடுப்பதில் அப்பாவுக்கு இரண்டு விதிகள். முதல் விதி, பம்பு கொட்டகைப் படியைத் தாண்டாது. வெளியே போனால் தோல் வாஷர் காய்ந்துவிடும், குழாய் பிய்ந்துவிடும். "காத்து வேணும்னா வண்டி வரட்டும், பம்பு வராது" என்பார். இரண்டாவது விதியை அவர் வாயால் சொன்னதில்லை; ஊரே அறிந்திருந்தது. மேலத்தெருக்காரர்கள் உள்ளே வந்து ஆணியிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். கீழத்தெருக்காரர்கள் படிக்கு வெளியே நிற்பார்கள். நான் ஸ்பானரைப் படிக்கல்லில் வைத்துவிட்டு நகர்ந்த பிறகு எடுத்துக்கொள்வார்கள்.

இந்த இரண்டு விதிகளும் சேர்ந்ததில் ஒரு வேடிக்கை நடந்தது. கீழத்தெரு சைக்கிளுக்குக் காற்று வேண்டுமென்றால் பம்பு வெளியே போகக்கூடாது, ஆளும் உள்ளே வரக்கூடாது. ஆகவே பம்பை நான் படியை ஒட்டி உள்ளே நிறுத்துவேன். ரப்பர் குழாய் மட்டும் படியைத் தாண்டிப் போகும். கைப்பிடியைப் பிடித்து அடிப்பவள் நான். அப்படித்தான் காரியக்காரர் மகள் கீழத்தெரு வண்டிகளுக்கெல்லாம் காற்று அடித்தாள். கீழத்தெருவில் எங்கள் வீட்டுக்குப் 'பம்பு வீடு' என்று பெயர் வைத்ததும் அதனால்தான்.

குழாயின் மறுமுனையை வால்வில் அழுத்திப் பிடிப்பவள் பெரும்பாலும் பாக்கியமாக இருப்பாள். அவள் அப்பா மருதையன் கீழத்தெருவில் முதன்முதலாகச் சைக்கிள் வாங்கியவர். எழுதப் படிக்கத் தெரிந்ததால் அந்தத் தெருவுக்காகப் பேசுகிறவரும் அவர்தான். பாக்கியமும் நானும் ஒரே வகுப்பு. பள்ளியில் 'டி' போட்டுப் பேசிக்கொள்வோம். எங்கள் வீட்டில் அப்பா இருந்தால் அவள் பேச்சில் 'ங்க' வந்துவிடும். அப்பா இல்லையென்றால் படிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்துகொண்டு என் மானத்தை வாங்குவாள்.

"காலையில சோறு தின்னியா இல்லியாடி? காத்து வருதா, நீ மூச்சு விடுறியான்னே தெரியல."

"நீ சரியாப் பிடி. பாதி காத்து ஒம் மூஞ்சிக்குத்தான் போவுது."

"இப்புடி அடிச்சா எங்கப்பா தைக்குள்ள நன்னிலம் போய்ச் சேந்துருவாரு."

முப்பது அடி அடித்தால் டயர் கல்லாகிவிடும். நான் வேண்டுமென்றே மெதுவாக அடிப்பேன். அவளும் சில நாள் வேண்டுமென்றே குழாயைத் தளரப் பிடித்தாள் என்பது என் எண்ணம். நிச்சயமாகத் தெரியாததை நிச்சயம் என்று எழுத மாட்டேன்.

நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம் அது. அறுபத்தேழில் ஆட்சி மாறிய பிறகு வந்த முதல் சம்பா அறுவடை. ஆகவே வருஷத்தில் சந்தேகமில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று கீழத்தெருக்காரர்கள் கேட்டார்கள். வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துவிடுவோம் என்று நிலக்காரர்கள் சொன்னார்கள். பேச்சுவார்த்தைக்குத் தாலுகா ஆபீசில் ஒரு நாள் குறித்தார்கள். அன்று சனிக்கிழமை. சனிக்கிழமைதோறும் அப்பா முதலாளியைப் பார்க்கக் கும்பகோணம் போவார், எனக்கும் பள்ளி கிடையாது. அதனால் கிழமையிலும் சந்தேகமில்லை.

புறப்படும்போது அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கீழத்தெருவுலேருந்து யாராச்சும் எதாச்சும் கேட்டு வந்தா, இல்லன்னு சொல்லிடு. மொதலாளி உத்தரவு."

"எல்லாம் சொவத்துல மாட்டியிருக்கே அப்பா."

"சொன்னதச் செய்."

அப்பா போன பிறகு நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்போக்ஸ் சாவி ஒன்றுதான் வெளியே இருந்தது. அதை மூன்று நாள் முன்பு பாக்கியம்தான் வாங்கிப் போயிருந்தாள். மற்ற பத்தும் தார்க் கோட்டுக்குள் சரியாகப் பொருந்தி நின்றன. வந்து கேட்டால் இல்லை என்று எப்படிச் சொல்வது? வாசலில் நிற்பவர்களுக்கே தெரியுமே. தரமாட்டேன் என்று சொன்னால் பாக்கியம் என்னோடு பேச மாட்டாள். நிஜமாகவே இல்லை என்றால் அவளுக்கு என் மேல் கோபம் வராது. பன்னிரண்டு வயது மூளை இவ்வளவுதான் யோசித்தது. பம்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்துப் பத்தாயத்தில், நெல்லுக்கு மேல் படுக்கவைத்து மூடிவிட்டேன்.

ஒன்பதே முக்கால் மணிக்குப் பாக்கியம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முன்சக்கரம் தரையோடு தரையாக இருந்தது. மருதையன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் மடித்த காகிதத்தோடு பாலத்தின் மேல் நின்றார்.

"காத்து அடிடி, சீக்கிரம். அப்பா பத்தரைக்கு நன்னிலத்துல இருக்கணும்."

"பம்பு இல்ல பாக்கியம்."

அவள் எட்டிச் சுவரைப் பார்த்தாள். பெரிய உருவம் காலியாக இருந்தது. நான் செய்த ஏற்பாடு சரியாக இருக்கிறது என்று எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

"எங்க?"

"மேலத்தெருக்காரங்க எரவல் வாங்கிட்டுப் போயிட்டாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகம் மாறுவதைப் பார்த்தேன். எத்தனை நாள் அந்தப் படிக்கு வெளியே உட்கார்ந்து, அந்தக் குழாயைப் பிடித்தவள் அவள்! இந்த ஊரில் எது மாறினாலும் எங்கள் பம்பு படி தாண்டாது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பம்பு எப்பங்க படி தாண்டுச்சு?" என்று கேட்டாள். அப்பா வீட்டில் இல்லை. பாலத்தில் நின்ற மருதையனைத் தவிரச் சுற்றிலும் யாருமே இல்லை.

பாலத்திலிருந்து மருதையன் கூப்பிட்டார்: "வந்துடு பாக்கியம். நேரமாவுது. நான் நடந்துடறேன்." அவர் குரலில் கோபமில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வரப்பில் இறங்கினார். அவள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாள். காற்றில்லாத டயர் மண்ணில் அரைபடும் சத்தம் கீழத்தெரு முனை வரை கேட்டது. ஓடிப்போய்ப் பத்தாயத்தைத் திறந்து பம்பை எடுத்து வந்திருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

மருதையன் போய்ச் சேர்ந்தபோது பேச்சு முடிந்து, மற்ற ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்களாம். ஒப்பந்தத்தில் எங்கள் ஊர்ப் பெயர் இல்லை. அந்த அறுவடைக்குக் கூட்டிய கூலி எங்கள் கீழத்தெருவுக்குக் கிடைக்கவில்லை. வெளியூர் ஆட்கள் வந்து அறுத்தார்கள். அப்பா தன் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் அன்றன்றைய விஷயங்களைக் குறித்துவைப்பார். அந்தப் பஞ்சாங்கம் இப்போது என்னிடம் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமைக்கு எதிரே, 'கூலிப் பேச்சு. கீழத்தெரு வரவில்லை' என்று எழுதியிருக்கிறார். இத்தனை வருஷம் கழித்து நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்தக் குறிப்பைத் திருத்தத்தான்.

அன்று மாலை அப்பா காலி உருவத்தைப் பார்த்துவிட்டு, "பம்பு எங்க?" என்றார். சொன்னேன். பத்தாயத்திலிருந்து எடுத்து, ஒட்டியிருந்த நெல்லைத் தட்டி, ஆணியில் மாட்டினார். "இல்லன்னு சொல்லச் சொன்னா இப்புடியா செய்வ?" என்றவர், "குடுத்திருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

திங்கட்கிழமை காலை படிக்கல்லில் ஸ்போக்ஸ் சாவி இருந்தது. துருவைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வாழை மட்டையில் வைத்திருந்தார்கள். நான் அதை எடுத்து மாட்டியதும் பதினொரு உருவங்களும் நிறைந்தன. அதன் பிறகு கீழத்தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. வகுப்பில் பாக்கியம் வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

அடுத்த குறுவை நடவுக்குள் கீழத்தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சொந்தமாகப் பம்பும் சாமான்களும் வாங்கிவிட்டார்கள். அவர்கள் தெருச் சங்கக் கொடிக்கம்பத்தின் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதற்குள் யாரும் போகலாம், யாரும் எடுக்கலாம். காலை நேரத்தில் வாய்க்காலைத் தாண்டி அந்தப் பம்பின் 'புஸ் புஸ்' சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். நான் எண்ணுவேன். முப்பது, முப்பத்தைந்து. அடிப்பது யார், குழாயைப் பிடிப்பது யார் என்று யோசிப்பேன். சொந்தமாக வாங்கியது அவர்களுக்கு நல்லது. படிக்கு வெளியே யாரும் காத்து நிற்க வேண்டாம். அதில் அன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எல்லாச் சாமானும் எங்களிடம் இருந்ததால், எதையும் கேட்டு அந்தத் தெருவுக்குப் போக எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அதே வருஷ மார்கழியில் எங்களுக்குக் கிழக்கே, கூலி கேட்ட தெருக்காரர்களைக் குடிசைக்குள் வைத்து எரித்த கொடுமையை எல்லோரும் அறிவார்கள். அந்தச் செய்தி வந்த பிறகு இரு தெருவுக்கும் நடுவில் மிச்சமிருந்த பேச்சும் நின்றது. மெயின் ரோட்டில் ஒரு சைக்கிள் கடை வந்ததும் மேலத்தெருக்காரர்களும் வருவதை விட்டார்கள். நான் கும்பகோணம் ஹாஸ்டலுக்குப் போகும்வரை ஒன்றரை வருஷம் அந்தச் சுவர் நிறைந்தே இருந்தது.

சென்ற மாசியில் மகனோடு அந்த ஊர் வழியாகப் போனேன். களத்தில் இப்போது நெல் கொள்முதல் நிலையம். வீடு இருந்த இடம் தெரியவில்லை. கொட்டகைச் சுவரில் ஒரு பக்கம் மட்டும் யாரோ ஆட்டுக்குச் சார்ப்பு இறக்கி விட்டுவைத்திருக்கிறார்கள். எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தும் தார் கசிந்து மேலே வந்திருந்தது. பம்பின் உருவமும் சுத்தியலின் உருவமும் தெரிந்தன. மற்றவை போய்விட்டன. அந்தச் சாமான்கள் யாரிடம் போயின, எப்போது போயின என்று அப்பாவின் எந்தக் குறிப்பிலும் இல்லை.

திரும்பும் வழியில் கார்ச் சக்கரத்தில் காற்று குறைந்திருந்தது. மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். எந்தத் தெரு என்று கேட்டேன். "கீழத்தெருங்க. மருதையன் பேரன்" என்றார். பாக்கியம் என்று ஒருவர் என்று நான் இழுத்ததும், "எங்க அத்தைங்கம்மா. திருச்சியில நர்ஸா இருந்து ரிட்டையர் ஆயிட்டாங்க. பேசுறீங்களா?" என்று அப்போதே போனை எடுத்துவிட்டார். "யாருன்னு சொல்லட்டுங்க?"

"பம்பு வீட்டுக் கமலான்னு சொல்லுங்க."

சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சங்கடமாகச் சிரித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அப்படியே கேக்கச் சொல்றாங்க. பம்பு வந்துடுச்சாடின்னு."

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அது நிற்கும்வரை காத்திருந்தேன்.

"அது எங்கயும் போகலன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னார். "சரிங்கறாங்கம்மா" என்றார். அதற்குள் இன்னொரு வண்டி வந்து நிற்கவே, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவளுடைய எண்ணைத் தாருங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மகன் காரைக் கிளப்பி, நன்னிலம் பக்கம் திருப்பியதற்குப் பிறகும் அந்த வார்த்தை என் நாக்கிலேயே இருந்தது. எங்கள் வீட்டில் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை.