அமலோற்பவம் அக்காவின் புகைபோக்கி

போன செவ்வாய்க்கிழமை காலை, புதுச்சேரியிலிருந்து வந்த ஓர் உயர் அதிகாரி, பேன்ட்டை முட்டி வரை மடித்துவிட்டுக்கொண்டு, காரைக்கால் தலத்தெருவில் ஒரு பேக்கரியின் மொட்டை மாடிக்கு மர ஏணியில் ஏறினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

ஏன் என்று சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் எனக்கு வசதி – ஆனால் பாதி ஊருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

பேக்கரி அமலோற்பவம் அக்காவுடையது. என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கணவர் இறந்த பிறகு, பன்னிரண்டு வருடங்களாகத் தனியாக நடத்துகிறார். விறகு அடுப்பு. ரொட்டி, பன், ரஸ்க். ஊரில் பல டீக்கடைகளுக்கு பன் அங்கிருந்துதான் போகிறது. கடலுக்குப் போகிற படகுகளில் ரஸ்க் டின்னும் அங்கிருந்துதான் ஏறுகிறது. வேலை பார்ப்பது ஏழு பெண்கள். அதில் ஐந்து பேர் மீனவர் வீட்டுப் பெண்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் கிடக்கும்போது, அந்த ஐந்து வீடுகளிலும் உலை கொதிப்பது இந்தப் பெண்களின் சம்பளத்தில்தான்.

அக்காவுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. குடியிருப்புப் பகுதியில் புகை உண்டாக்கும் தொழில் நடத்துகிறீர்கள். முப்பது நாட்களுக்குள் தொழிற்பேட்டைக்கு மாறுங்கள், இல்லையென்றால் மூடுங்கள்.

"தொழிற்பேட்டைக்குப் போகலாம் தம்பி, போக மாட்டேன்னு சொல்லலை" என்றார் அக்கா. "விடியறதுக்கு முன்னாடி மாவு பிசையணும். அந்த நேரத்துல இந்தப் பொம்பளைங்க எந்த பஸ்ஸுல வருவாங்க? நீங்க பேப்பர்ல எழுதறவரு. என்கூட ஒரு நடை புதுச்சேரிக்கு வாங்களேன்."

ஏன் புதுச்சேரி? முடிவெடுக்கிறவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள். நம் தலைநகருக்குப் போக நாம் தமிழ்நாட்டைத் தாண்டிப் போக வேண்டும். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர்... நான்கு மணி நேரம். நானும் பெருமையாகக் கிளம்பினேன். பத்திரிகைக்காரன் கூட வந்தால் காரியம் நடக்கும் என்று அக்கா நம்பினார். நானும் நம்பினேன் என்பதுதான் விஷயம்.

நோட்டீஸ் அனுப்பிய அலுவலகத்தில் எழுத்தர் மரியாதையாகவே பேசினார்.

"இது நாங்களா எடுத்த நடவடிக்கை இல்லீங்க. பொதுமக்கள் புகார் இருக்கு."

"யார் கொடுத்த புகார்?" என்று குரலை உயர்த்தியவன் நான்தான்.

அவர் ஃபைலைத் திருப்பி வைத்தார். முதல் பக்கத்தில் ஒரு பத்திரிகைத் துண்டு ஒட்டியிருந்தது. பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்தி. மேலே என் போட்டோ – சிரித்துக்கொண்டு.

போன வருடம் எழுதியது. எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போட்டால் கரித்தூள் விழுகிறது என்று நகைச்சுவையாக எழுதியிருந்தேன். பலர் போன் செய்து பாராட்டினார்கள். தூள் வந்தது ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு ரைஸ் மில்லிலிருந்து. மில்காரர் எனக்குத் தெரிந்தவர். கல்யாணம் காட்சியில் பார்க்க வேண்டிய முகம். அதனால் மில் என்ற வார்த்தையையே எழுதாமல், 'தலத்தெருவில் ஒரு புகைபோக்கி' என்று நாசூக்காக முடித்துவிட்டேன்.

அலுவலகத்தில் யாரோ பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார்கள். தலத்தெருவில் புகைபோக்கியோடு லைசென்ஸ் வாங்கிய தொழில் எது? ஒன்றே ஒன்று. ஒழுங்காகப் பதிவு செய்தவர் அக்கா மட்டும்தான்.

அக்கா அந்தத் துண்டை முழுவதும் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஃபைலை மூடி எழுத்தரிடமே கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். கடலூர் தாண்டியது. சிதம்பரம் வந்தது. அங்கே என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன் – மில், மில்காரர், என் நாசூக்கு, எல்லாம். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். சீர்காழியில் பையைத் திறந்து ஒரு பன்னை எடுத்து என் கையில் வைத்தார்.

"சாப்பிடுங்க. பசியோட வீட்டுக்குப் போனா இன்னும் எதாவது எழுதிடுவீங்க."

நான் சிரிக்கவில்லை. பன்னை முழுவதும் சாப்பிட்டேன்.

கெடு முடிய ஒன்பது நாள் இருந்தபோது எனக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. அரசு புதிய தொழில் கொள்கை தயாரிக்கிறதாம். சிறுதொழில், பிராந்திய வளர்ச்சி இரண்டுக்கும் முன்னுரிமையாம். காரைக்காலில் கருத்துக் கேட்புக் கூட்டம். கல்யாண மண்டபம், மேடை, மைக். பேசுகிறவர்கள் பட்டியலில் என் பெயரும். திங்கட்கிழமை அக்காவையும் அழைத்துக்கொண்டு போனேன்.

முதலில் பேசியவர்கள் துறைமுகம் பற்றிப் பேசினார்கள். வரிச்சலுகை பற்றி, வெளியிலிருந்து வரப்போகும் பெரிய தொழிற்சாலைகள் பற்றி. எல்லாம் நல்லதுதான்; வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஏற்கெனவே இங்கே ஓடிக்கொண்டிருக்கும் தொழிலைப் பற்றி மதியம் வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

என் முறை வந்தது. எழுதி வைத்திருந்த பேப்பரைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டேன். நான் எழுதிய பத்தி, அது போய்ச் சேர்ந்த ஃபைல், அதனால் மூடப்போகும் அடுப்பு... வரிசையாகச் சொன்னேன். மில்லைச் சொல்லப் பயந்ததையும் சொன்னேன்.

பிறகு அக்கா எழுந்தார். மைக் வேண்டாம் என்றுவிட்டார்.

"ஐயா, மூடச் சொல்றதுன்னா மூடிடறேன். ஆனா இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து அடுப்பைப் பார்க்கலைங்க. பார்த்துட்டு மூடச் சொல்லுங்க."

மேடையில் நடுவில் உட்கார்ந்திருந்த புதுச்சேரி அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு அடுப்பு எரியுமாம்மா?"

"எரியும்ங்க ஐயா."

ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜீப் வந்து நின்றது. ஏழு பெண்களும் கை மாவோடு சுவர் ஓரமாக நின்றார்கள். அதிகாரி அடுப்பைப் பார்த்தார், விறகைத் தொட்டுப் பார்த்தார், மாடிக்கு ஏறினார். இறங்கியவர் நேராகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

"புகை உங்களுக்குத் தொந்தரவா இருக்காம்மா?"

அந்த வீட்டு அம்மா அக்காவை ஒரு தடவை பார்த்தார். "வரும் சார். காலைல கொஞ்ச நேரம். விறகு ஈரமா இருந்தா கண்ணு எரியும். அதுக்காக மூடணுமான்னா... வேணாம் சார்."

அதிகாரி கையில் படிந்த கரியைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு பேசினார்.

"புகைபோக்கியை இன்னும் ஆறு அடி உசத்துங்க. விறகுக்கு ஒரு ஷெட் போட்டுக் காய வைங்க. மூணு மாசம் டைம். நோட்டீஸ் ரத்து." ஜீப்பின் முன்பக்கத்தில் பேப்பரை வைத்து, அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா கும்பிட்டார். பிறகு வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெண்களில் ஒருத்தி, "அக்கா, உள்ள ரஸ்க் கருகுது" என்று ஓடினாள். எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் மூச்சு முழுதாக இறங்கியது.

ஜீப்பில் ஏறும்போது அதிகாரி என்னிடம் சொன்னார்: "இந்த மாதிரி சின்னத் தொழிலுக்கெல்லாம் முடிவை இங்கேயே, காரைக்கால்லயே எடுக்கணும். நேர்ல பார்க்காம நோட்டீஸ் போகக்கூடாது. கொள்கைல இதை முதல்ல எழுதச் சொல்றேன்." எழுதுவார் என்றே நினைக்கிறேன். கரி படிந்த கையோடு சொன்னவர்.

சனிக்கிழமை மில்காரரையும் நேரில் பார்த்துச் சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. "இதை அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமேங்க" என்றார். தூள் பறக்காமல் தடுப்பு வைக்கிறாராம்.

ஒரு சின்னத் தொழிலைக் காப்பாற்ற, சில சமயம் அதன் வாசலில் அரை மணி நேரம் நின்று பார்த்தாலே போதும் – அரசாங்கத்துக்கு மட்டுமல்ல, பத்தி எழுதுகிறவனுக்கும்தான்.