சத்தத்தின் மேல் நின்றவன்

மகளுக்குக் காதுகுத்து. மண்டபம் ஒத்தக்கடையில், ஜன்னலை அடைத்துக்கொண்டு யானைமலை படுத்திருக்கும் பக்கம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவன் காதுக்குள் சில மாதங்களாக ஒரு குரல் குடியிருந்தது. சாப்பிடாதே என்னும், கை பாதிச் சோற்றில் நின்றுவிடும். நட என்னும், செருப்பில்லாமல் மேலூர் ரோட்டில் வெயிலைப் பிளந்துகொண்டு நடப்பான். மாத்திரையில் கொஞ்சம் அடங்கியிருந்தது. அடங்கியதா, பதுங்கியதா? யாரோ சொன்னபடி ஆடுகிற கைகளில் என் பிள்ளையை எப்படிக் கொடுப்பேன்? ஊசி ஏறும் நேரத்தில் அது ஏதாவது சொல்லிவிட்டால்? கொடுக்காமல் விட்டால், நீ மாமன் இல்லை என்று சொந்தபந்தம் முன்னால் நானே சொன்னதாகிவிடும்.

தம்பிக்கு மைக் செட் தொழில். மாமன் சீர் ஊர்வலத்துக்கு முன்னால் அவனுடைய மினி லாரியே போனது, அதன்மேல் ஓட்டு வீட்டு உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். பின்னால் அவன் கூட்டாளிகள் மூவர், பிள்ளைகளுக்காக வாடகைக்கு எடுத்த சூப்பர்ஹீரோ உடுப்பில், முகமூடியோடு. ஒருவன் முதுகில் சிவப்புத் துணி பறந்தது, ஒருவன் பஞ்சடைத்த பச்சை உடம்பு, ஒருவன் முழுக்கக் கறுப்பு. உலகத்தைக் காப்பாற்றுகிறவர்கள் வாழைப்பழத் தட்டுகளோடு வேர்த்து நடந்ததில் பெண்களுக்குச் சிரித்து மாளவில்லை. நானும் சிரித்தேன். பயம் சிரிப்புக்குள்ளேயே கூட வந்தது.

மண்டபத்து வாசலில் பாட்டு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. கடைக் கண்ணாடிகள் அதிர்ந்தன, இடுப்பிலிருந்த மகள் என் கழுத்தில் காதைப் புதைத்தாள், சத்தம் என் பல்லுக்குள் வந்து நின்றது. லாரியின்மேல் தம்பி. ஒரு கை மிக்ஸரில், கண் எங்கேயோ. எனக்குப் புரிந்துபோனது. காதுக்குள் அது பேசுகிறது. அது கேட்காமலிருக்க இவன் ஏற்றுகிறான்.

யாரோ லாரி ஜெனரேட்டரை அமர்த்தப் போனார்கள். குறுக்கே போய் நின்றுகொண்டேன். ஒரு தடவை கரண்ட் போய் டிவி நின்ற அமைதியில்தான் அவன் மொட்டைமாடிச் சுவர்மேல் ஏறியிருந்தான்.

கூட்டாளிகள் மூவரும் ஆளுக்கொரு பக்கமாக லாரியில் ஏறினார்கள். ஏறிய அவசரத்தில், தாங்கள் முகமூடி போட்டிருப்பதே அவர்களுக்கு நினைவில்லை. முகமில்லாத உருவங்கள் சுற்றி ஏறிவருவதைத் தம்பி பார்த்தான். காதுக்குள் இருந்தது வெளியே வந்துவிட்டதென்று நினைத்தானோ என்னவோ, பெட்டிகளைப் பிடித்து ஏறி உச்சிக்குப் போய்விட்டான். அவன் தலைக்கு மேலே, கையைத் தூக்கினால் தொடும் உயரத்தில், மின்கம்பி.

கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சிவப்புத் துணியைப் பிடித்து இழுத்தேன். அந்தக் கூட்டாளி திரும்பியதும் என் முகத்தில் கைவைத்து, முகமூடியை உரிப்பதுபோல் காட்டினேன். அவன் கழற்றினான். மற்றவர்களும் கழற்றினார்கள். உள்ளே நாள்தோறும் டீக்கடையில் பார்க்கும் முகங்கள், மீசை வேர்வையில் ஒட்டிப்போய்.

பச்சை உடம்புக்காரன் மிக்ஸரைத் தொட்டான். செட் வேலை தெரிந்தவன், ஒரேயடியாக அடைக்கவில்லை. தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோல் சத்தத்தை மெல்ல மெல்ல இறக்கினான். அந்த இடைவெளியில் பேசினான்.

“மாப்ள, நான்தான்டா. கீழ வா, பசிக்குது.”

தம்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். “நீங்கதானா? சொல்லிட்டு ஏறுனா என்னடா.”

இறங்கி வந்தான். மண்டபத்துக்குள் பெரியவர்கள் பங்காளி வீட்டு ஆளின் மடியைக் காட்டினார்கள். என் வீட்டுக்காரர் பிள்ளையை வாங்கக் கை நீட்டினார். தம்பி ஓரமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் வேட்டியைச் சுருக்கமில்லாமல் நீவிக்கொண்டிருந்தான்.

அந்த மடியில்தான் வைத்தேன். பிள்ளையின் தலையைப் பிடித்த அவன் கைமேல் என் கையை வைத்துக்கொண்டேன். பயம் போய்விட்டதாக எழுதினால் பொய். கூட்டாளிகள் பாதி உடுப்போடு சுற்றி உட்கார்ந்தார்கள்.

ஆசாரி ஊசியை ஏற்றினார். மகள் வீரிட்டாள். என் கைக்குக் கீழே அவன் கை விறைத்தது. என்னைப் பார்த்தான்.

“அக்கா, இது பாப்பா அழுகுறதுதான? உனக்கும் கேக்குதா?”

“கேக்குதுடா.”

“அப்பச் சரி” என்று, அவள் தலையை மெதுவாகத் திருப்பி, அடுத்த காதைக் கொடுத்தான்.