மெழுகுக்கு மேல் பூசிய சீலன்ட்

என் வீட்டுக்காரருக்கு வாய்க்கு முன்னால் கை முந்தும். கார் பாலிஷ் போடும் கடை வைத்திருக்கிறார். வழியில் வாளி கிடந்தால் நகர்த்த மாட்டார், எட்டி உதைப்பார். பக்கத்து டயர் கடைக்காரருக்கு முன்பல் இல்லாமல் போனது இவர் புண்ணியத்தில்தான். தெருவில் அவருக்குப் பெயரே ‘இடி’. நானும் லேசுப்பட்டவள் இல்லை. என் மேல் ஒருமுறை கை ஓங்கினார். பாலிஷ் மெஷினைத் தூக்கி அவர் காலில் போட்டேன். அப்புறம் ஓங்கவில்லை.

மெழுகென்றால் அவருக்கு உயிர். உள்ளங்கைச் சூட்டில் இளக்கித் தேய்த்தால் வண்டி இப்போதுதான் நனைந்த மாதிரி மினுங்கும். ஆனால் வெயிலில் நிற்கிற வண்டியில் அது சீக்கிரம் போய்விடும். சீலன்ட் என்கிற ரசாயனப் பூச்சு அவ்வளவு அழகில்லை, ஆனால் மழையும் வெயிலும் தாங்கும். இதை அவரிடம் தைரியமாகச் சொல்கிற ஒரே ஆள் என் கொழுந்தன். மாமியார் போனபின் இவர் தூக்கி வளர்த்த தம்பி, இப்போது அதே கடையில் வேலை. உலகத்தில் இவர் உருகுவது அவனிடம்தான். நான்கூட அப்புறம்தான்.

கறுப்பு டாக்ஸி ஒன்று வந்தது. கொழுந்தன் காலையிலேயே பாலிஷ் மெஷின் பிடித்து முடித்துவிட்டான், மேல்பூச்சுதான் பாக்கி.

“அண்ணே, இது நாளெல்லாம் வெயில்ல நிக்கிற வண்டி. சீலன்ட்தான் தாங்கும்.”

“எனக்கே சொல்லித் தர்றியா?”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். தம்பி சாப்பிடப் போன நேரத்தில் வண்டி முழுக்க மெழுகைத் தேய்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். திரும்பி வந்த கொழுந்தன், அந்த மினுக்கைத் தன் கைவேலை என்று நினைத்து மேலே சீலன்ட் பூசினான். சீலன்ட் மேல் மெழுகு நிற்கும். மெழுகுப் பிசுக்கின் மேல் சீலன்ட் ஒட்டாது. முதல் மழையிலேயே பானெட் திட்டுத் திட்டாக வெளுத்துப்போனது.

டாக்ஸிக்காரர் வந்து கொழுந்தன் சட்டையைப் பிடித்தார். “என் வண்டிய என்னடா பண்ணி வச்சிருக்க?”

இவர் பாய்ந்து இருவரையும் பிரித்தார். தம்பிக்குப் பரிந்துகொண்டு வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

“சீலன்ட் சீலன்ட்னு குதிச்சது இவன்தான்!” என்று சொல்லி, தம்பியின் இடது காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தார். அவன் தூணில் மோதி விழுந்தான். விழுந்தவனை உதைத்தார், மறுபடியும் உதைத்தார்.

“மெழுகு தேச்சது நீங்க! அந்தத் துணிய அலசினதே நான்தான்!” என்று கத்தி, கையிலிருந்த வாளியை அவர் மண்டையில் வீசினேன். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. தம்பியின் காதிலிருந்து வழிந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இவருக்குப் புத்தி உண்டு, அடித்து முடித்த பிறகுதான் வரும்.

உள்ளே நரம்பே போய்விட்டது, அந்தக் காது இனிக் கேட்காது என்றார் டாக்டர்.

“தம்பி என்னை விட்டுப் போயிடுவானா?” என்று இவர் என்னையே அரித்துக்கொண்டிருந்தார்.

“போனாலாவது நல்லா இருப்பான்,” என்றேன். எனக்கு அப்படி ஒரு கோபம்.

ஆனால் காயம் ஆறியதும் கொழுந்தன் வேலைக்கு வந்தான். இவர் முகத்தில் உயிர் வந்தது. மன்னித்துவிட்டான் என்றே நம்பினார். நானும் நம்பினேன்.

டாக்ஸியை மறுபடி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. பழையதை எல்லாம் இவரே வழித்தெடுத்தார். கொழுந்தன் குனிந்து கதவைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவர் அவனுக்கு இடது பக்கம் போய் நின்று, தணிந்த குரலில் சொன்னார்.

“நீ சொன்னதுதான்டா சரி. சீலன்டே போடு.”

கல்யாணமான நாளிலிருந்து இவர் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. கொழுந்தன் நிமிரவே இல்லை. அவனுக்குக் கேட்கவில்லை. இவர் கை நீட்டி மெதுவாக அவன் தோளைத் தொட்டார்.

துணி கீழே விழுந்தது. கொழுந்தன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சக்கரத்தோடு ஒண்டினான்.

“அடிக்காதீங்கண்ணே,” என்றான்.