பதினாறு வரை எண்ணியவள்

சரளா என்ற பெயர் எங்கள் சொந்தபந்தத்தின் காதில் முதலில் விழுந்தது கோலார் தங்கவயலில், பிரசவ ஆஸ்பத்திரி வாசலில். குடியாத்தம் பக்கமிருந்து பிழைக்கப் போன குடும்பத்துத் தாஸ், சுரங்கத்திலிருந்து ஏறி வந்து முகத்துத் தூசியைக்கூடத் துடைக்காமல், "சுரங்கக் கூண்டுல இறங்கும்போதே யோசிச்சு வச்சுட்டேன். சின்னவ பேரு சரளா" என்றாராம். மூத்தவள் வீணாவுக்கு அப்போது நாலு வயது. தங்கச்சியை யாரும் தொடக்கூடாது என்று வாசலை மறித்து நின்றாளாம்.

சுரங்கம் மூடியது. தாஸின் மனைவி ரஞ்சிதமும் போய்ச் சேர்ந்தாள். கல்தூசி அடைத்த நெஞ்சோடு தாஸ், பெங்களூரில் ஆடுகோடியிலிருந்த வீணா வீட்டுக்கு வந்தார்.

சரளா வைட்ஃபீல்டில் யோகா டீச்சர். அபார்ட்மென்ட்காரர்களுக்குத் தினமும் காலை வகுப்பு. சனிக்கிழமை மட்டும் ஆசனம் முடிந்து கால் மணி நேரம் பேசுவாள். யோகம் என்றால் சேர்வது. அறிவாலும் சேரலாம், பக்தியாலும் சேரலாம், பலன் பாராத வேலையாலும் சேரலாம், மூச்சையும் மனத்தையும் அடக்கியும் சேரலாம் என்று அழகாகச் சொல்வாள். அப்பாவைக் குளிப்பாட்டி, சளி துடைத்து, நிமிர்த்தி உட்காரவைத்துச் சோறூட்டியதெல்லாம் வீணா. சரளா மாதம் ஒரு முறை வருவாள். கேட்டால் டிராஃபிக் என்பாள்.

அப்பா மூச்சை அடக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது சரளாவும் பக்கத்தில்தான் நின்றாள்.

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை. வகுப்பில் பாலகுமார் என்பவன், "மேடம், மூச்சை அடக்குனா நெஜமா மனசு அடங்குமா? எங்களுக்குப் பத்து எண்ணுறதுக்குள்ள கண்ணு பிதுங்குது" என்று சிரித்தான். சரளாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டுப் போனை எல்லோருக்கும் திருப்பிக் காட்டினாள்.

"சுரங்கத்துல உழைச்ச நெஞ்சு, பாருங்க. அப்பா, மூச்சை இழுத்து நிறுத்துங்க. நான் எண்ணுறேன்."

"எத்தனை பேரு பாக்குறாங்க பாப்பா?"

"இருபது பேருப்பா."

"அப்படின்னா பதினாறு எண்ணு. பன்னெண்டோட விட்டா உனக்குத்தான் அவமானம்."

பதினொன்றில் அவர் உதடு கறுத்தது, போனை ஒட்டி நின்ற அவளுக்குத் தெரிந்தது. பதினாறு வரை எண்ணினாள். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த நொடி அந்தப் பக்கம் போன் சரிந்தது. திரையில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

"நெட்வொர்க் போயிடுச்சு" என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். வகுப்பு முடியப் பத்து நிமிடம் பாக்கி. முடித்தாள். அக்காவைக் கூப்பிட்டால் என்ன நடந்தது என்று கேட்பாளே.

வீணா தன் டீக்குப் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அப்பா கட்டிலுக்குக் கீழே கிடந்தார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

காரியத்தன்று சனமெல்லாம் கூடியது. "யோகா டீச்சரம்மா இருந்ததாலதான் மாமாவுக்கு இத்தனை வருசம் உசுரு ஓடிச்சு" என்றான் தாஸின் தங்கை மகன் குணசேகர். சரளா தலை குனிந்தாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். வீணா டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"ஒரு வாய் டீக்கு ஆசைப்பட்டு அப்பாவைத் தனியா விட்டுட்டுப் போனேனே. இனி ஜென்மத்துக்கும் எனக்கு வேணாம்."

அன்றும் சரளா வாய் திறக்கவில்லை. அதற்கப்புறம் கண்ணை மூடி உட்கார்ந்தாலே பதினொன்று, பன்னிரண்டு என்று எண்தான் வந்தது. முப்பதாம் நாள் படையலுக்கு வந்தவள், அக்கா வெறும் வெந்நீர் குடிப்பதைப் பார்த்தாள். அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"எத்தனை வரைக்கும் எண்ணின?"

"பதினாறுக்கா."

"உதடு கறுத்ததைப் பாத்த பின்னாடியுமா?"

"ஆமாக்கா."

வீணா வெந்நீரைத் தொட்டியில் கொட்டினாள். "போய்ப் பால் வாங்கிட்டு வா."

சரளா வாங்கி வந்து டீ போட்டாள். வீணா கடைசிச் சொட்டு வரை குடித்து டம்ளரைக் கவிழ்த்தாள். "இனிமே நீதான் வந்து போடணும். ஆனா எங்கிட்ட பேசாத."

சரளா இப்போதும் வைட்ஃபீல்டில்தான் இருக்கிறாள். வகுப்பு நடக்கிறது, சனிக்கிழமைப் பேச்சு இல்லை. ஞாயிறுதோறும் பஸ் ஏறி ஆடுகோடிக்கு வந்து அக்காவுக்கு டீ போட்டுத் தருகிறாள். அக்கா குடிக்கிறாள், பேசுவதில்லை.