டிவியை விட்டுப் போகாத மச்சான்

போன ஞாயிறு, மதுரையிலிருந்து ஒரு டிவி மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு உசிலம்பட்டியில் அக்கா வீட்டுக்குப் போனேன். டவுன் பஸ்ஸில் கடைசிவரை நின்றுகொண்டே. இந்த வயதில் எனக்கு இது தேவையா? தேவைதான். அக்கா வீட்டு டிவியில் மச்சான் தெரிகிறாராம். அவர் காலமாகி இரண்டு மாதம் ஆகிறது!

பயப்படாதீர்கள், பேய்க்கதை இல்லை. ஓஎல்இடி கதை.

அக்கா மகன் செந்தில் பெங்களூரிலிருந்து அப்பாவுக்கு வாங்கி வந்த ஓஎல்இடி டிவி அது. அப்பளம் மாதிரி மெலிசு.

“பின்னாடி லைட்டே கெடையாது மாமா. ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும். கறுப்புன்னா அந்தப் புள்ளி அணைஞ்சிரும், கரண்டும் மிச்சம். இப்ப பாயாட்டம் சுருட்டி வைக்கிற டிவியே வந்திருச்சு” என்று வகுப்பெடுத்தான். எனக்குக் கொட்டாவி வந்தது.

மச்சான் இறந்தபோது, மாலை போட வேண்டிய போட்டோ ஃப்ரேம் கடையிலிருந்து வரத் தாமதம். செந்தில் அப்பாவின் படத்தை டிவியில் போட்டுவிட்டான். மச்சான் பளிச்சென்று இருந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் டிவியைக் கும்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்கிரீன் சேவர் வந்து படம் மறைய... அக்கா அலறிவிட்டாள்.

“கருமாதி முடியுறவரைக்கும் விளக்கு அணையக் கூடாதுல்ல? இதுவும் அணையக் கூடாதுடா!”

தானாக அணையும் வசதிகளை எல்லாம் செந்தில் தேடித் தேடி நிறுத்தினான். இரவும் பகலும் மச்சான் ஒளிர்ந்தார்.

விளைவு? கருமாதி முடிந்து சீரியல் போட்டால், மாமியார் முகத்துக்குப் பின்னால் மச்சான் மங்கலாக முறைக்கிறார். நியூஸ், விளம்பரம், ஜல்லிக்கட்டு — எல்லாவற்றிலும் அவர்தான்.

மெக்கானிக் பார்த்ததுமே சொல்லிவிட்டார். “ஒரே படம் இம்புட்டு நாள் நின்னதுல அந்த எடத்துப் புள்ளியெல்லாம் தேஞ்சிருச்சுண்ணே. இதச் சரிபண்ண டிவிக்குள்ளயே ஒரு ஆப்ஷன் இருக்கு. ஓட்டிவிட்டா அழிஞ்சிரும்.”

அந்தக் கடைசி வார்த்தை எனக்கே சுருக்கென்றது. அக்கா ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“உசுரோட இருந்தவரைக்கும் இத என் கையில குடுத்ததே இல்ல. இப்பவும் ஒரு சீரியல் பாக்க விட மாட்டேங்கிறாரு, பாரு” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

எனக்கு அந்த டிவி மேலேயே அலுப்பு வந்தது. டிவியை எவ்வளவோ மெலிசாக்கிவிட்டார்கள், வளைக்கிறார்கள், சுருட்டுகிறார்கள். வீட்டில் ஒரு ஆள் இல்லாமல் போவது மட்டும் அதே பழைய கனத்தோடுதான் இருக்கிறது.

மெக்கானிக் தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஓட்டிரவாக்கா?”

“வேணாம் தம்பி, கெடக்கட்டும். இருங்க, டீ போட்டு வாரேன்.”

எழுந்தவள் டிவியை அணைத்தாள். திரை முழுக்கக் கறுத்தது. அதில் மச்சான் இல்லை.

அக்கா உடனே டிவியைப் போட்டுவிட்டாள்.